ஈரக்குடைக்கு ஒரு வேண்டுகோள்

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். பல் கட்டுகிறவரிடம் அந்தப் பழமொழி பலிக்காது. அவர் மடியில் எந்தக் கனமும் இருந்ததில்லை. ஆனாலும் வழியெல்லாம் பயம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், தான் போகவேண்டிய பேருந்து இதுதானா என்று பக்கத்து ஆளைக் கேட்பார். அவர் ஆமாம் என்று சொன்னபிறகு, முன்சீட்டு ஆளையும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பார்.

ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் அவருக்கு வேலை. முன்னறையில் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் சுண்ணாம்பு மாதிரி இறுகும் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, பல்செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். அந்தத் தொழிலுக்கு அவருடைய பயம் தோதாக இருந்தது. மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடொன்று உட்காருகிறதா என்று கடிக்கவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். கூட வேலை செய்கிறவர்கள் "பல்லு" என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள்.

அவர் மனைவி நேர் எதிர். தண்ணீர் வாரியத்தில், தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. தண்ணி வரலை என்று ஒருவர் கத்துவார், வந்த தண்ணி நாறுது என்று இன்னொருவர் கத்துவார், வந்துகிட்டே இருக்கு, வீடு முங்குது, நிறுத்துங்க என்று மூன்றாமவர் அலறுவார். அவள் குரல் ஏறாமல் இறங்காமல், தெருப்பெயர் என்ன, எப்போதிலிருந்து என்று கேட்டு எழுதிக்கொள்வாள். வீட்டிலும் அதே கதைதான். இவர் கேஸ் வாடை வருதா, வாசல்ல சத்தம் கேட்டுச்சா என்று ஆரம்பித்தால், "புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேன், அடுத்து?" என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம். 'நாலாம் மாடி' என்று ஒரு பாப் இசைக் குழு. ஐந்து பேர், மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். லிஃப்ட் இல்லாத ஒரு கட்டிடத்தின் நாலாம் மாடியில் டிரம்ஸையும் கிதாரையும் தூக்கிக்கொண்டு ஏறி ஒத்திகை பார்த்ததால் அந்தப் பெயர். இவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவர்கள் பாட்டு ஒலிக்காத டீக்கடை கிடையாது. மூன்று ஆல்பம் போட்டார்கள், சண்டை போட்டார்கள், கலைந்தார்கள். இன்றைக்குப் பெயர் சொன்னால், யாரு, அந்த முடியை மூஞ்சியில விட்டுகிட்டு ஆடுவாங்களே, என்று யாராவது ஒருத்தர் கேட்பார், அவ்வளவுதான்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்தக் குழுவின் ஆல்பங்களையும் பாட்டுகளையும் பட்டியலிட்டு ஒரு பக்கம் இருந்தது. நாலைந்து வரிதான், அதிலும் பாதி தப்பு. ஒருநாள் மதிய இடைவேளையில் அதில் ஒரு தப்பைத் திருத்தினாள். ஊற வைத்த துணியைத் துவைக்காமல் விட முடியுமா? அதற்குப் பிறகு இடைவேளை முழுக்க அதிலேயே போயிற்று. எந்த ஆல்பம் எப்போது வந்தது, எந்த நிறுவனம் வெளியிட்டது, எந்தப் பாட்டு செய்தித்தாளின் வாரப் பட்டியலில் எத்தனையாவது இடம், ஒவ்வொன்றுக்கும் எங்கே ஆதாரம் என்று சில வருடத்தில் அந்தப் பக்கத்தை ஒரு ஆளாக நின்று வளர்த்துவிட்டாள்.

அப்போதுதான் அவள் உண்டானாள். இதற்கு முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. அதனால் இந்த முறை யாருக்கும் சொல்லாமல், சந்தோஷத்தைக்கூட வாய்க்குள்ளேயே மென்றுகொண்டு இருந்தார்கள். ஐந்தாம் மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"நஞ்சுக்கொடி கீழ இறங்கி, குழந்தை வர்ற வழியை மூடிக்கிட்டிருக்கு. சில பேருக்கு அதுவா மேல ஏறிடும். ஏறலைன்னா ஆபரேஷன்தான். நடுவுல ரத்தம் பட்டா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம வந்துடணும். மாடிப்படி வேணாம், கனம் தூக்க வேணாம், முடிஞ்ச வரைக்கும் படுத்தே இருங்க. மனசையும் ரொம்ப அலட்டிக்காதீங்க."

மற்றதெல்லாம் மனைவிக்குச் சொன்னது. கடைசி வாக்கியத்தைப் பல் கட்டுகிறவர் தனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். அவள் மனசு அலட்டாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று.

வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு அவள் ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்துசேர்ந்தாள். அவள் அப்பா, இவருடைய மாமனார், ஒரு பையோடு வந்து இறங்கினார். மனைவியை இழந்தவர், பல வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சமையலறையையும் வேன் மாதிரிதான் ஓட்டினார். எல்லாம் நேரத்துக்கு நடக்கும், உள்ளே இருக்கிறவர்கள் குலுங்குவார்கள். உப்பு ஒருநாள் இருக்காது, மறுநாள் இரண்டு நாளுக்கானது சேர்ந்து இருக்கும்.

படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் சொன்னாள்.

"ஏங்க, என் பக்கத்தை சக மதிப்பாய்வுக்குப் போட்டுட்டேன்."

"அப்படின்னா?"

"நான் எழுதினதை அங்க எழுதுற வேற ஒருத்தர் வந்து வரிக்கு வரி குடைவாரு. எங்க ஆதாரம் இல்லை, எங்க தப்பு, எங்க அளக்குறேன்னு எல்லாத்தையும் சொல்வாரு. நான் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லணும், இல்லைன்னா திருத்தணும். அது முடிஞ்சா சிறப்புப் பட்டியல்னு ஒரு தகுதிக்கு அனுப்பலாம்."

வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறதுன்னு இதைத்தான் சொல்வாங்க, பாப்பா."

"சங்கு எத்தனை நாளைக்குப்பா சும்மாவே கிடக்கும்?" என்றாள் அவள்.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. பிறகு ஈரக்குடை வந்தார். அது அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயர். ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா, யாருக்கும் தெரியாது. கறாரானவர் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அவர் குறிப்புகளை மனைவி உரக்க வாசித்தாள்.

"முன்னுரையில் 'பெரும் வரவேற்பைப் பெற்றது' என்கிறீர்கள். யார் வரவேற்றார்கள்? எங்கே எழுதியிருக்கிறது?" இது முதல் குறிப்பு. "மேற்கோள் காட்டிய வலைப்பக்கம் ஒரு ரசிகருடையது. ரசிகரின் அன்பு சாட்சியாகாது" என்பது அடுத்தது. "'ஈர மணல்' பாட்டு ஆல்பத்திலிருந்து பிரித்துக் கடையில் தனிப்பாடலாக விற்கப்பட்டதா, வானொலிக்கு மட்டும் அனுப்பப்பட்டதா? இரண்டும் ஒன்றல்ல." அதற்கும் கீழே: "'கதவைச் சாத்தாதே' வாரப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது என்பதற்கு ஆதாரமே இல்லை."

"என்னம்மா இவர், போலீஸ் ஸ்டேஷன்ல கேக்குற மாதிரி கேக்குறாரு?" என்றார் பல் கட்டுகிறவர்.

அவள் காதில் அது விழவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. "இருங்க, ஒரு கை பாத்துடறேன் இவரை!" என்றபடி டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தாள்.

"படு, படும்மா. படுத்துகிட்டே எழுது."

"படுத்துகிட்டு எப்படிங்க சண்டை போடுறது?"

அன்றைக்கு அவள் கழுத்து நரம்பு துடித்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலைக்குப் போன இடத்திலும் மெழுகில் பல் பதிக்கும்போதெல்லாம் அந்த நரம்புதான் கண்ணில் ஆடியது.

அந்த வாரப் பட்டியல் ஒரு பழைய செய்தித்தாளின் சனிக்கிழமைப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அதன் பழைய பிரதிகள் பெரிய நூலகத்தில் மட்டுமே இருந்தன. "நீங்க ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க, ஒரு போட்டோ எடுத்தா போதும்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் அதுவும் ஒரு அலட்டல்தானே.

நூலகத்தின் பழைய பத்திரிகை அறையில் செல்போனில் பேசக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. அவர் போனை அதிர்வில் வைத்து, சட்டைப்பையில் போட்டு, கையால் அதை அமுக்கியபடியே உட்கார்ந்தார். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சுவலிக்காரர் மாதிரி இருந்திருக்கும். நூலகக்காரர் பெரிய பெரிய கட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். தூசி பறந்தது. இரண்டாவது கட்டைப் புரட்டும்போது போன் அதிர்ந்தது. மாமனார்.

பல் கட்டுகிறவர் நாற்காலி சாய்ந்து விழ எழுந்து, வெளியே ஓடினார். "என்ன மாமா? என்ன ஆச்சு? ரத்தமா?"

"என்ன ரத்தம்? உப்பு டப்பா எங்க இருக்கு மாப்பிள்ளை?"

மேல்தட்டில் பார்க்கச் சொன்னார். பிறகு உள்ளே போய், நூலகக்காரரின் முறைப்பை வாங்கிக்கொண்டு, மீதிக் கட்டைப் புரட்டினார். அந்தப் பக்கம் கிடைத்தது. விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். முந்தைய வாரம், பிந்தைய வாரம், அதற்கு அடுத்த வாரங்கள் எல்லாவற்றையும் பார்த்தார். 'கதவைச் சாத்தாதே' எந்த வாரத்திலும் இரண்டாம் இடத்துக்கு வரவில்லை. அதிகபட்சம் மூன்று.

அவள் இந்தப் பாட்டின் இரண்டாம் இடத்தைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! பள்ளிச் சீருடையோடு கட்டில்மேல் ஏறிக் குதித்தாளாம், கட்டில் கால் முறிந்து அப்பாவிடம் அடி வாங்கினாளாம். அதைப் போய் மூன்று என்று இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அவர் போட்டோ எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்த மாசத்துக் கட்டு பைண்டிங்குக்குப் போயிருக்காம். ரெண்டு மூணு மாசம் ஆகுமாம்."

அவள் முகம் வாடிப்போனது. பொய்க்குக் கால் முளைத்துவிட்டால் சும்மா நிற்காது. மறுநாள் மதியம், ஆஸ்பத்திரி முன்னறையில் இருந்த கணினி சும்மா இருந்தபோது, பல் கட்டுகிறவர் கலைக்களஞ்சியத்தில் ஈரக்குடைக்குச் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினார்.

"மதிப்பிற்குரிய ஈரக்குடை அவர்களுக்கு, தாழ்மையான வேண்டுகோள். 'நாலாம் மாடி' பக்கத்தை எழுதியவர் கர்ப்பமாக, படுக்கையில் இருக்கிறார். மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். குறைகளைக் கொஞ்ச நாள் கழித்துச் சொல்லக் கூடாதா? நிறைகள் ஏதாவது இருந்தால் இப்போது சொல்லலாம். இப்படிக்கு, நலம் விரும்பி."

பொத்தானை அமுக்கிய பிறகுதான் உறைத்தது. இது கடிதமில்லை. ஊருக்கே திறந்த பக்கம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பதறிப்போய் அழிக்கப் பார்த்தார். எதை அமுக்கினாரோ, அதே வேண்டுகோள் கீழே இன்னொரு தடவை வந்து நின்றது. "பல்லு, மேல்வரிசை ரெடியா?" என்று உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

மறுநாள் அவள் பக்கத்தில் ஈரக்குடையின் புதிய குறிப்பு இருந்தது. "மற்ற அம்சங்கள் திருப்தி. நேர்த்தியான உழைப்பு. நன்றி." அவள் அதை இரண்டு முறை வாசித்தாள்.

"என்னங்க இது? நேத்து வரைக்கும் கத்தியைத் தீட்டிகிட்டிருந்த மனுஷன், இன்னைக்கு மாலை போடுறாரு?"

"நல்லா எழுதியிருக்கே, அதான்" என்றார் அவர், தண்ணீர் டம்ளரைத் துடைத்துக்கொண்டே.

சாயங்காலத்துக்குள் முன்பின் தெரியாதவர்களும் வந்தார்கள். ஒருவர் ரோஜாப் படம் போட்டிருந்தார். ஒருவர் "அருமை, அருமை" என்று எழுதியிருந்தார். மூன்றாமவர் எழுதியதைத்தான் அவள் உரக்கப் படித்தாள்.

"'விரைவில் நலம்பெற வாழ்த்துகள்.' எனக்கு உடம்பு சரியில்லைன்னு இவங்களுக்கு யாருங்க சொன்னது?"

பல் கட்டுகிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்தக் களஞ்சியத்தில் யார் எதை எங்கே எழுதினாலும் அந்தத் தடம் அழியாது. அதில் பழம் தின்று கொட்டை போட்டவள் அவள். நூல் பிடித்துப் போய், ஈரக்குடையின் பக்கத்தில், அடுத்தடுத்து இரண்டு முறை நின்ற அந்த வேண்டுகோளைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தன் கணவர் எந்தக் கடிதத்திலும் விடாத 'தாழ்மையான' என்ற வார்த்தையைப் பார்த்ததுமே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும். கத்தவில்லை. தலையணையில் சாய்ந்து, அலுவலகக் குரலில் கேட்டாள்.

"சொல்லுங்க. உங்க புகார் என்ன?"

"இல்லம்மா... டாக்டரம்மா சொன்னாங்கல்ல, மனசை..."

"தண்ணி குடுக்குறீங்க, தலகாணி மாத்துறீங்க, அப்பா வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டு வர்றாரு. எல்லாம் சரி. ஆனா இந்த வீட்ல இப்ப நான் ஒரு வயிறு. அவ்வளவுதான். எல்லாரும் வயித்தைப் பாத்துதான் பேசுறீங்க. அங்க ஒருத்தர்தான் என்னை ஆளா மதிச்சு, நீ எழுதினது தப்புன்னு சொன்னாரு. அதுக்கு என்னால பதில் சொல்ல முடிஞ்சுது." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. நஞ்சு ஏறுதா இறங்குதான்னு தெரியாது. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. பண்ண முடிஞ்ச ஒண்ணே ஒண்ணு இதுதாங்க. இதையும் பிடுங்கிட்டீங்களே."

மாமனார் கையில் கரண்டியோடு வாசல்வரை வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் ரிவர்ஸ் எடுத்தார்.

பல் கட்டுகிறவர் கட்டில் காலடியில் உட்கார்ந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தன் பேயை அவள் மேல் ஏவிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. பாதிப் பொய்யை வைத்துக்கொண்டு இனிமேல் ஒரு வாய் சாப்பிட முடியாது என்றும் தோன்றியது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார். "பைண்டிங்குக்கு எதுவும் போகலை. அந்தப் பேப்பரைப் பார்த்தேன். ரெண்டாவது இடம் இல்லை. மூணு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "மூணா?"

"மூணு."

"எல்லா வாரமும் பாத்தீங்களா?"

"முன்னாடி, பின்னாடி, எல்லாம் பார்த்தேன்."

"நான் கட்டில் மேல ஏறிக் குதிச்சேனேங்க..." என்றாள். "அப்ப ரெண்டாவது எது?"

அவர் தயங்கினார். "ஒரு சோப்பு விளம்பரப் பாட்டு."

அவள் அவரையே பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று அவருக்குப் புரியாத ஒன்று அவள் வாயிலிருந்து வந்தது. "சோப்புக்கிட்டயா தோத்தோம்?" என்றாள். பிறகு கணினியை மடிக்கு இழுத்து, இரண்டை அழித்து மூன்று என்று போட்டாள். "நாளைக்குப் போய் போட்டோ எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவளாக வேறெதுவும் அவரிடம் பேசவில்லை.

ஈரக்குடைக்கும் எழுதினாள். "என் உடல்நிலை உங்கள் ஆய்வுக்குரிய பொருளல்ல. சொல்லாமல் விட்ட குறைகளைத் தயவுசெய்து சொல்லுங்கள்."

பதில் வரவில்லை. ஒருநாள் போயிற்று, மறுநாளும் போயிற்று. தன்னால் அந்த மனிதர் ஓடியே போய்விட்டாரோ என்று பல் கட்டுகிறவருக்குச் சோறு இறங்கவில்லை. பரிசோதனைக்குப் போனபோது, மனைவி உடை மாற்றும் இடைவெளியில், டாக்டரம்மாவிடம் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். "இப்படி எழுத்துல சண்டை போட்டா குழந்தைக்கு ஏதாவது ஆகுமா டாக்டர்?"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மனசை அலட்டிக்காதீங்கன்னு நான் சொன்னது அழுதுகிட்டே இருக்காதீங்கன்னு அர்த்தத்துல. சண்டை போட ஒரு ஆள் இருந்தா நல்லதுதான். படுத்துகிட்டே போடச் சொல்லுங்க. நீங்க நல்லா தூங்குறீங்களா?"

அன்றைய ஸ்கேனிலும் நஞ்சு மேலே ஏறியிருக்கவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

அதற்கு மறுநாள் ஈரக்குடை திரும்பி வந்தார். "மன்னிக்கவும். இரக்கப்பட்டு ஆய்வைக் கைவிட்டது என் தவறு. மூன்றாம் இடம் என்று திருத்தியதற்கும் ஆதாரம் சேர்த்ததற்கும் நன்றி. விடுபட்டவை கீழே." கீழே இருந்தது முதலில் வந்ததைவிட நீளம். அவள் படித்துக்கொண்டே போனாள், முகத்தில் ஒரு களை ஏறிக்கொண்டே வந்தது. "சரியான ஆளுங்க இவரு" என்றாள். சில நாளுக்குப் பிறகு அவள் கணவரிடம் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதன்பிறகு தினமும் ஒரு குறிப்பு என்று வைத்துக்கொண்டார்கள். அவள் படுத்தபடியே பதில் சொல்வாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுவார். இவருக்குப் பயம் போகவில்லை. அவள் மூச்சை இழுத்துவிட்டால் என்ன என்று கேட்பார், இருமினால் எழுந்து நிற்பார். ஆனால் மறைத்து எதுவும் செய்யவில்லை.

குறித்த நாளுக்கு இன்னும் வாரங்கள் இருந்தன. ஒரு முற்பகலில் பின்னறையில் மாவு குழைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமனார். மறுபடியும் உப்பு டப்பாவா என்று எரிச்சலோடுதான் எடுத்தார்.

"மாப்பிள்ளை." மாமனாரின் குரல் தணிந்து, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "பாப்பாவைக் கூட்டிகிட்டுப் போறேன். நீங்க நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. பதறாம வாங்க."

அந்த 'பதறாம' என்ற சொல்லிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. மாவுக் கையோடு, மேலங்கியோடு தெருவுக்கு ஓடினார். எந்த ஆட்டோவில் ஏறினார், எங்கே இறங்கினார் என்று பிற்பாடு கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். கட்டிலிலிருந்து அவள் "அப்பா" என்று ஒரு குரல்தான் கொடுத்திருக்கிறாள். விரிப்பில் ரத்தம். ஆம்புலன்ஸுக்குச் சொன்னால் வழியில் நெரிசல், நேரமாகும் என்றிருக்கிறார்கள். மாமனார் கீழ்வீட்டுக்காரரின் சரக்கு வேன் சாவியை வாங்கி, மகளைக் கையில் ஏந்திப் படியிறங்கி, பின்னால் மெத்தை போட்டுப் படுக்கவைத்து, கீழ்வீட்டு அம்மாவைத் துணைக்கு ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு பள்ளத்தில்கூட வண்டியை விடவில்லை என்று கீழ்வீட்டு அம்மா எல்லாரிடமும் சொன்னாள்.

பல் கட்டுகிறவர் போய்ச் சேர்ந்தபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். தாளெல்லாம் வெள்ளை மாவு ஒட்டியது. மாமனார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்த வாக்கிலேயே முன்னால் நீண்டிருந்தன. பல் கட்டுகிறவர் பக்கத்தில் போய் அந்தக் கைகளைப் பிடித்து மடியில் இறக்கி வைத்தார்.

"நிறைய போயிடுச்சு மாப்பிள்ளை" என்றார் மாமனார். "பேசிகிட்டேதான் வந்தா. பாதி வழியில பேச்சை நிறுத்திட்டா."

ஒரு நர்ஸ் வந்து அவளுடைய பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். பைக்குள் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தார். ஈரக்குடை. "'ஈர மணல்' குறித்த கேள்வி இன்னும் நிலுவையில் உள்ளது. கடையில் விற்கப்பட்டதா, வானொலிக்கு மட்டுமா?"

அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். கதவு மூடியே இருந்தது, வெளியே வந்தவர்கள் யாரும் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வராந்தாவில் பதில் தெரிந்துகொள்ளக் கூடிய கேள்வி என்று இருந்தது இது ஒன்றுதான். விற்றார்களா, விற்கவில்லையா? எங்கேயாவது தேடினால் கிடைத்துவிடும். இதை ஏன் அவள் இத்தனை மாதம் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தாள் என்று அவருக்கு அப்போது விளங்கியது. இவரே ஏதாவது எழுதிவிடலாமா என்று விரல் ஒரு கணம் பரபரத்தது. எழுதவில்லை. அது அவளிடம் கேட்ட கேள்வி. போனை அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

கதவு திறந்து டாக்டரம்மாவே வந்தார். "பொண்ணு. ரொம்பச் சின்னவ. மூச்சுக்கு உதவி வேணும், பெட்டியில வெச்சிருக்கோம். அம்மாவுக்கு ரத்தம் ஏத்தியிருக்கோம். கஷ்டப்பட்டுட்டாங்க, ஆனா நின்னுடுச்சு."

"நின்னுடுச்சுன்னா?" என்று அலறிவிட்டார் பல் கட்டுகிறவர்.

"ரத்தப்போக்குங்க! ரத்தப்போக்கு நின்னுடுச்சு. உட்காருங்க முதல்ல. யாராவது இவருக்குத் தண்ணி குடுங்க."

குழந்தை பல வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இவர் உள்ளங்கை அகலத்துக்குத்தான் அதன் முதுகு இருந்தது. மனைவி உடம்பு தேறி, சக்கர நாற்காலியில் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவாள், துளைக்குள் ஒரு விரலை நீட்டியபடி. கலைக்களஞ்சியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு இன்னொரு கவலை. ஒருநாள் அவராகவே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். யாரோ மதிப்பாய்வை மூடியிருந்தார்கள். 'எழுதியவரிடமிருந்து பதில் இல்லாததால் முடிக்கப்படுகிறது.' சொல்வதா வேண்டாமா என்று புரண்டு புரண்டு யோசித்தார். ஒருமுறை மறைத்துப் பட்டது போதும் என்று முடிவு செய்தார். காலையில் போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டார்.

"சரி" என்றாள். அவள் கண் பெட்டிக்குள் ஏறி இறங்கும் அந்தச் சின்ன விலா எலும்புகளைவிட்டு நகரவில்லை.

மூச்சுக் குழாயை எடுத்தார்கள். எடை கூடியது. ஒரு துண்டில் சுற்றிக் குழந்தையைக் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வேனை மாமனார்தான் ஓட்டினார். சைக்கிள்காரர்கள்கூட முந்திக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து பல நாள் கழித்து ஒரு மதியம், குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கணினியைத் திறந்தாள். 'ஈர மணல்' இருந்த ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்தில் அப்போது விற்பனை பார்த்தவர் ஒரு இசைப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு ஈரக்குடைக்கு எழுதினாள். "தாமதத்துக்கு மன்னிக்கவும். 'ஈர மணல்' வானொலிக்கு மட்டும்தான். தனிப்பாடல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்." அன்றைக்கே பதில் வந்தது. "சரி. மீண்டும் பரிந்துரையுங்கள், வருகிறேன்." குழந்தையைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுபடி பரிந்துரைத்தாள். மறுபடி குடைந்தார்கள். ஒருவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சிறப்புப் பட்டியல் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தின் மூலையில் கடுகளவு நட்சத்திரம் ஒன்று வந்து உட்கார்ந்தது. மாமனார் திரையருகில் குனிந்து, "இதுக்கா இத்தனை அக்கப்போர்?" என்றார். ஆனால் கீழ்வீட்டு அம்மாவை மாடிக்குக் கூப்பிட்டு அதைக் காட்டியதும் அவர்தான்.

பல் கட்டுகிறவரும் சத்தமில்லாமல் அங்கே ஒரு கணக்குத் தொடங்கினார். பல்செட் பற்றிய கட்டுரையில், கழற்றி வைக்கும்போது தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நெளிந்துவிடும் என்று இரண்டு வரி சேர்த்தார். இப்படி எழுதலாமா, யாராவது கோபித்துக்கொள்வார்களா என்று அன்றெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டு வரியையும் யாரோ நீக்கியிருந்தார்கள்.

"எடுத்துட்டாங்கம்மா" என்றார், முகம் வெளிறிப்போய். "நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?"

"என்னைக் கேட்டா? எடுத்தவங்களைப் போய்க் கேளுங்க."

"கோவிச்சுக்க மாட்டாங்களே?"

"கோவிச்சுக்கட்டுமே! இவளைக் கொஞ்சம் பிடிங்க. இல்ல, இருங்க, இவளை வெச்சுகிட்டே எழுதுங்க. ஒரு விரல்தானே உங்களுக்கு."

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு விரலால், ஏன் நீக்கினீர்கள் என்று எழுதினார். 'தாழ்மையுடன்' என்று தொடங்கி, அழித்துவிட்டு, கேள்வியை மட்டும் வைத்தார். பொத்தானை அமுக்கினார். பிறகு குழந்தையின் முதுகைத் தட்டியபடி, பதில் வந்துவிட்டதா என்று திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.